ஐம்பது வயதில் திறந்த கேலரி: லியோ காஸ்டெல்லி, ஒரு நிகழ்வு ஆய்வு

1959-ல் பர்ட்டன் ட்ரெமெய்ன், எமிலி ட்ரெமெய்ன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் தம்பதி, ஜாஸ்பர் ஜான்ஸின் 'மூன்று கொடிகள்' ஓவியத்தை 900 டாலருக்கு வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க 15 டாலர் தனி. 1980-ல் அதே ஓவியத்தை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவர்களிடமிருந்து பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. உயிரோடு இருக்கும் ஓர் ஓவியரின் படைப்புக்கு அதற்குமுன் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்த விற்பனையை முடித்துக் கொடுத்தவர் பேஸ் கேலரியின் ஆர்னி கிளிம்ச்சர். முதன்முதலில் 900 டாலருக்கு விற்ற லியோ காஸ்டெல்லிக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. வரைந்த ஜான்ஸுக்கும் கிடையாது.

காஸ்டெல்லியின் தொழில் வாழ்க்கையை எடுத்து ஆராய இந்த ஒரு கணக்கே போதுமான காரணம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சமகாலக் கலையை விற்றவர்களில் அவரைப்போல் பெயர் எடுத்தவர் இல்லை. ஜான்ஸ், ராபர்ட் ரவுஷன்பெர்க், ஃபிராங்க் ஸ்டெல்லா, ராய் லிக்டென்ஸ்டைன், ஆண்டி வார்ஹோல், டொனால்ட் ஜட், ரிச்சர்ட் செர்ரா எனப் பட்டியல் நீளும். ஆனால் அவர் விற்ற பொருள்களின் விலை எகிறியபோது, அந்தப் பணத்தின் பெரும்பகுதி வேறு யார் யாருடைய கைக்கோ போனது. அப்படியானால் அவர் செய்த வியாபாரம்தான் என்ன?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியருக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தார். அதற்கான செலவைத் தன் பையிலிருந்து போட்டார். அவருடைய வெற்றி, சறுக்கல் இரண்டுமே அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நீண்ட முன்கதை

1907-ல் டிரியெஸ்டே நகரில் பிறந்தார். அன்றைக்கு அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் துறைமுகம், பின்னால் இத்தாலிக்குப் போனது. அப்பா எர்னஸ்டோ கிரவுஸ், ஹங்கேரிய வங்கியாளர். காஸ்டெல்லி என்பது அம்மா வீட்டுப் பெயர். முசோலினி காலத்தில் குடும்பப் பெயர்களை இத்தாலியமயமாக்கச் சொன்னபோது அதுவே குடும்பத்தின் பெயரானது. மிலானில் சட்டம் படித்தார், காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார், அதன் வழியாக 1932-ல் புக்காரெஸ்ட் போனார். மறு வருடம் ருமேனியத் தொழிலதிபர் மிஹாய் ஷப்பீராவின் மகள் இலியானாவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

இலியானாவைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்லாவிட்டால் கணக்குத் தப்பும். படம் பார்க்கும் கண் அவருக்குக் கணவரைவிடக் கூர்மை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. லியோவுக்கு மனிதர்களைப் பழகிப் பிடிக்கும் கலை கைவந்திருந்தது. ஐந்து மொழி பேசுவார். யாரையும் அவசரப்படுத்த மாட்டார்.

முதல் கேலரியை 1939-ல் பாரிஸின் வான்டோம் சதுக்கத்தில், ரெனே துரூவான் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து திறந்தார்கள். மாமனாரின் பணம் பின்னால் இருந்தது. லியோனோர் ஃபினி, மெரெட் ஓப்பன்ஹைம் போன்ற சர்ரியலிஸ்டுகள் செய்த அறைகலன்களை வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. செப்டம்பரில் போர் வந்தது, எல்லாம் முடிந்தது. யூதக் குடும்பம் என்பதால் ஓடியாக வேண்டிய நிலை. மொராக்கோ, ஸ்பெயின் வழியாக 1941-ல் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவில் சேவை, அதனால் குடியுரிமை. போர் முடிந்ததும் மாமனார் ஏற்பாட்டில் பின்னலாடைத் தொழிலில் வேலை.

அதாவது நாற்பது வயதில் அவர் பின்னலாடைத் தொழிற்சாலை ஆள். பக்கத்தில் கொஞ்சம் ஓவிய விற்பனையும் நடந்தது, கண்டின்ஸ்கியின் மனைவி நீனாவுக்காகச் சிலவற்றை விற்றுக் கொடுத்ததுபோல. மிச்ச நேரமெல்லாம் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சுற்றுவதும் ஓவியர்களோடு உட்கார்ந்து பேசுவதுமாகக் கழிந்தது. கிழக்கு எட்டாம் தெருவில் அரூப ஓவியர்கள் நடத்திய 'கிளப்'பில் ஓவியர் அல்லாத வெகுசில உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தை வீண் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவருடைய முதலீடே அதுதான் என்பேன். 1951-ல் கிழக்கு ஒன்பதாம் தெருவில், இடிக்கப்படவிருந்த ஒரு கட்டடத்தின் காலி இடத்தில் ஓவியர்கள் தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். செலவைப் பார்த்துக்கொண்டவரும் படங்களை மாட்டியவரும் காஸ்டெல்லி. டி கூனிங், பொல்லாக், ஃபிரான்ஸ் கிளைன் எல்லோரும் இருந்தார்கள். லீ கிராஸ்னர், ஜோன் மிட்செல், ஹெலன் ஃபிராங்கென்தாலர், கிரேஸ் ஹார்ட்டிகன் என்று பெண்களும் இருந்தார்கள். என் படம் ஏன் இந்த மூலையில் என்று ஒவ்வொருவராக வந்து கேட்க, மாற்றி மாற்றி மாட்டினார். பெரிதாக எதுவும் விற்கவில்லை. ஆனால் எந்த ஓவியர் எதற்குக் கோபப்படுவார், எந்தப் படம் எந்தப் படத்தின் பக்கத்தில் செத்துப்போகும் என்பதையெல்லாம் வேறு எங்கே கற்றுக்கொள்ள முடியும்?

ஐஸ் எடுக்கப் போன மாடி

1957 பிப்ரவரியில் கேலரி திறந்தது. இடம், மன்ஹாட்டனின் கிழக்கு 77-ஆம் தெரு, 4-ஆம் எண் வீடு. மாமனார் வாங்கிய வீடு அது, அவர்கள் குடியிருந்த அதே வீடு. வரவேற்பறைச் சுவர்கள் கண்காட்சிச் சுவர்களாயின. அவருக்கு அப்போது ஐம்பதைத் தொட ஏழு மாதம் பாக்கி.

ஆரம்பக் கண்காட்சியில் ஐரோப்பியர்களையும் அமெரிக்கர்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். நல்ல கண்காட்சிதான், ஆனால் புதிதல்ல. பொல்லாக், டி கூனிங் தலைமுறைக்கு ஏற்கெனவே சிட்னி ஜானிஸ், பெட்டி பார்சன்ஸ் என்று நிலைபெற்ற வியாபாரிகள் இருந்தார்கள். புதியவருக்கு அங்கே மிஞ்சியது மிச்சம்மீதிதான்.

அடுத்த மாதம், மார்ச்சில், யூத அருங்காட்சியகத்தில் நியூயார்க்கின் இளம் ஓவியர்களுக்கு ஒரு கூட்டுக் கண்காட்சி நடந்தது. அங்கே பச்சை நிறத்தில் ஒரு சதுரம். கிட்டப்போய்ப் பார்த்தால் உள்ளே வட்டத்துக்குள் வட்டம்: துப்பாக்கிப் பயிற்சிக்கு வைக்கும் இலக்குப் பலகை. மெழுகில் குழைத்த வண்ணம், அடியில் செய்தித்தாள் துண்டுகள். வரைந்தவர் பெயர் ஜாஸ்பர் ஜான்ஸ். காஸ்டெல்லி அதுவரை கேட்டிராத பெயர்.

சில நாள் கழித்து அவரும் இலியானாவும் பேர்ல் தெருவில் ரவுஷன்பெர்க்கின் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். போனது ரவுஷன்பெர்க்கின் படங்களைப் பார்க்க. குடிப்பதற்கு ஏதாவது ஊற்றிக் கொடுக்கலாம் என்றபோது, ஐஸ் கீழ்வீட்டு ஜாஸ்பரிடம் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் வந்தது. அந்தப் பச்சைப் படத்தை வரைந்த ஜாஸ்பரா? அவரேதான். உடனே பார்க்க வேண்டும் என்றார் காஸ்டெல்லி. கீழே போனால் அறை முழுக்கக் கொடிகள், இலக்குகள், எண்கள். ஒரு படம்கூட யாருக்கும் விற்கப்படாமல், ஒரு முழு உலகமாக அங்கே நின்றது. அந்த இடத்திலேயே கண்காட்சி தருவதாகச் சொன்னார்.

ரவுஷன்பெர்க்கின் நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது. தன்னைப் பார்க்க வந்தவர்கள் மாடியில் அவரை விட்டுவிட்டுக் கீழ்வீட்டில் மெய்மறந்து நின்றார்கள். அவருக்கும் கண்காட்சி கிடைத்தது, ஆனால் ஜான்ஸுக்கு அப்புறம்தான்.

1958 ஜனவரியில் ஜான்ஸின் முதல் தனிக் கண்காட்சி. அந்த மாத 'ஆர்ட்நியூஸ்' இதழின் அட்டையிலும் அவருடைய இலக்குப் படம். நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஆல்ஃபிரட் பார் நேரில் வந்து மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்கக் கொடியை வரைந்த படத்தையும் எடுக்க ஆசை, ஆனால் அறங்காவலர்கள் அதைத் தேசிய அவமதிப்பாக எடுத்துக்கொண்டால்? அதனால் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சனை வாங்கி வைக்கச் சொன்னார். ஜான்சன் அதை 1973-ல் பாரைக் கௌரவிக்கும் விதமாக அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். இருபத்தேழு வயது ஓவியர், முதல் கண்காட்சி, ஒரே வாரத்தில் அருங்காட்சியகம். அதற்குமுன் நியூயார்க் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

மார்ச்சில் ரவுஷன்பெர்க் முறை. ஏறக்குறைய எதுவும் விற்கவில்லை. அந்தக் கண்காட்சியில் 'படுக்கை' என்று ஒரு படைப்பு இருந்தது. நிஜத் தலையணை, நிஜ மெத்தைவிரிப்பு, சட்டத்தில் நீட்டி நிமிர்த்திச் சுவரில் செங்குத்தாக மாட்டப்பட்டது. தலைப்பக்கம் பென்சில் கிறுக்கல்கள், மேலிருந்து சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய் வண்ணம் வழிந்து இறங்கும். பார்த்தவர்களுக்கு ஏதோ கொலை நடந்த இடம்போல் இருந்ததாகச் சொல்வார்கள். விரிப்பின் கட்டங்களோ ஒரு பாட்டி தைத்ததுபோல அவ்வளவு நேர்த்தி. யாரும் வாங்கவில்லை. காஸ்டெல்லி தானே வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டு கண்காட்சிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஜான்ஸ் கண்காட்சி மட்டும் நடந்திருந்தால் காஸ்டெல்லியை அதிர்ஷ்டசாலி என்று சொல்லி முடித்துவிடலாம். விற்காத ரவுஷன்பெர்க்கை என்ன செய்தார் என்பதில்தான் அவர் எப்படிப்பட்ட வியாபாரி என்பது தெரிகிறது. கைவிடவில்லை.

மாதப் பணம்

வழக்கமான கேலரி ஏற்பாடு எளிது. ஓவியர் படங்களைக் கொடுப்பார், கேலரி விற்கும், விற்றால் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். விற்காவிட்டால் இருவருக்கும் ஒன்றுமில்லை. இதில் ஆபத்து முழுக்க ஓவியர் தலையில். வாடகை கட்ட வேண்டிய மாதத்தில் எது விற்குமோ அதை வரைய வேண்டியிருக்கும்.

காஸ்டெல்லி மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தார். கணக்கில் அது முன்பணம், பின்னால் விற்கும் படங்களிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியது. ஐரோப்பாவில் பழைய வழக்கம்தான். பாரிஸில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களுக்கு துராங்-ருவெல் என்ற வியாபாரி இப்படிப் பணம் கொடுத்தார். அமெரிக்காவில் அது அரிது. அதிலும் காஸ்டெல்லி, விற்பனை வரவைவிட அதிகமாக ஓவியர் பக்கம் பாக்கி ஏறினாலும் நிறுத்தாமல் கொடுத்ததால்தான் ஓவியர்கள் மத்தியில் அவர் பெயர் பரவியது. எழுத்து ஒப்பந்தம் பெரும்பாலும் கிடையாது. கைகுலுக்கினால் முடிந்தது.

இதன் பலன் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1968 டிசம்பரில், மன்ஹாட்டனின் மேற்கு 108-ஆம் தெருவில் அவருடைய சரக்குக் கிடங்கில் சிற்பி ராபர்ட் மோரிஸ் ஒரு கண்காட்சியை ஒருங்கிணைத்தார். ஒன்பது இளைஞர்கள், ஈவா ஹெஸ்ஸும் புரூஸ் நாமனும் அதில் உண்டு. ரிச்சர்ட் செர்ரா அங்கே ஈயத்தை உருக்கி, அகப்பையால் மொண்டு, சுவரும் தரையும் சேரும் கோணத்தில் வீசினார். உருகிய ஈயம் தெறித்து, வழிந்து, அந்த மூலையிலேயே இறுகியது. அதுதான் சிற்பம். அதைப் பெயர்த்தெடுத்தால் மிஞ்சுவது உடைந்த ஈயக்கட்டி. விற்க முடியாது, தூக்கிக்கொண்டு போக முடியாது, வீட்டில் வைக்க முடியாது.

வாடகை கொடுத்து, வெளிச்சம் போட்டு, ஒரு வியாபாரி இதற்கு இடம் தருகிறார். தந்ததோடு நிற்காமல், விற்பனையை எதிர்பார்க்காமல் செர்ராவுக்குச் சில வருடம் மாதப் பணமும் கொடுத்தார். பின்னாளில் டன் கணக்கான எஃகுத் தகடுகளை வளைத்து நிறுத்தி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த சிற்பி, அந்த வருடங்களில் பிழைப்புக்காகச் சின்னச் சின்னப் பொம்மை சிற்பங்கள் செய்து விற்றிருந்தால் என்ன ஆகியிருப்பார்? விடை தெரியாத கேள்விதான், ஆனால் அந்தக் கேள்வியே எழாமல் பார்த்துக்கொண்டார் காஸ்டெல்லி.

சரி, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஜான்ஸும், அப்புறம் லிக்டென்ஸ்டைனும் நன்றாக விற்றார்கள். அந்த வரவு செர்ராக்களுக்குப் போனது. ஓடுகிற கடையின் லாபத்தில் ஓடாத கடையை நடத்துவது. காகிதத்தில் பார்க்கும் எந்தக் கணக்காளரும் வேண்டாம் என்பார்.

பகிர்ந்து விற்றது

இரண்டாவது முக்கிய முடிவு, தன் ஓவியர்களைத் தானே வைத்துக்கொள்ளாமல் மற்ற ஊர் கேலரிகளுக்கும் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஃபெரஸ் கேலரி, கனடாவிலும் டெக்சஸிலும் வேறு கேலரிகள், இன்னும் பல இடங்களில். கமிஷனை அவர்களோடு பங்குபோட வேண்டும், அதனால் ஒவ்வொரு படத்திலும் அவருக்கு வருவது குறையும். ஆனால் ஒரே சமயத்தில் பத்து ஊரில் லிக்டென்ஸ்டைனை மக்கள் பார்ப்பார்கள்.

இதில் பெரிய கண்ணி இலியானா. 1959-ல் இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். இலியானா மைக்கேல் சொன்னபெண்டை மணந்து, 1962-ல் பாரிஸில் கேலரி திறந்தார். முதல் கண்காட்சியே ஜாஸ்பர் ஜான்ஸ். பிரிந்த கணவனும் மனைவியும் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் உட்கார்ந்து, ஒரே ஓவியர்களை ஒருவரையொருவர் நம்பி விற்றார்கள். அந்த நட்பு கடைசிவரை முறியவில்லை. வெனிஸில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியான பியன்னாலேயில், 1964-ல், ரவுஷன்பெர்க் ஓவியத்துக்கான பெரும்பரிசு வாங்கியதற்கு இருவரும் ஐரோப்பாவில் போட்ட அடித்தளம் முக்கியக் காரணம்.

அந்தப் பரிசைச் சுற்றிச் சர்ச்சை இல்லாமல் இல்லை. அமெரிக்க அரங்கில் இடம் போதாமல், பல படங்களை நகரில் பழைய அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். அங்கே இருப்பவை பரிசுக்குத் தகுதி பெறாது என்ற பேச்சு வந்ததும் ரவுஷன்பெர்க்கின் படங்களைப் படகில் ஏற்றிக் கண்காட்சித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். காஸ்டெல்லி பரிசை விலைக்கு வாங்கினார் என்று பிரெஞ்சுப் பத்திரிகைகள் கொதித்தன. அவர் ஆள் பிடித்தார், பேசினார், விருந்து வைத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏழு வருடமாக ஐரோப்பா முழுக்கப் படங்களை அனுப்பிக் காட்டிக்கொண்டே இருந்த ஒருவருக்கு அந்த ஒரு வாரத்தில் புதிதாகச் சதி செய்ய வேண்டிய தேவை இருந்ததாக எனக்குப் படவில்லை. இன்னொன்றும் உண்டு. பரிசு வாங்கிய ரவுஷன்பெர்க், நியூயார்க்குக்குச் சொல்லி, ஸ்டுடியோவில் இருந்த பட்டுத்திரை அச்சுகளை அழித்துவிடச் சொன்னார். வெற்றி பெற்ற பாணியையே திரும்பத் திரும்பச் செய்துவிடக் கூடாது என்று. அப்படிச் செய்யும் துணிச்சல், மாதப் பணம் நிற்காது என்று தெரிந்த ஓவியருக்குத்தான் வரும்.

தவறவிட்டவை

காஸ்டெல்லியின் கண் தப்பே செய்யாதது அல்ல. 1961-ல் அவருடைய உதவியாளர் ஐவன் கார்ப், காமிக்ஸ் படங்களைப் பெரிதாக வரையும் லிக்டென்ஸ்டைனைக் கொண்டுவந்தார். அதே சமயத்தில் வார்ஹோலும் காமிக்ஸ் வரைந்துகொண்டிருந்தார். கார்ப்தான் அதையும் கண்டுபிடித்தார். காஸ்டெல்லி லிக்டென்ஸ்டைனை எடுத்துக்கொண்டு, இருவரும் ஒரே கேலரியில் இருந்தால் மோதும் என்று வார்ஹோலை அனுப்பிவிட்டார். லிக்டென்ஸ்டைனின் 1962 கண்காட்சி விற்றுத் தீர்ந்தது. வார்ஹோல் வேறு விஷயம் தேடிப் போனார். அந்த வருடம் ஜூலையில் ஃபெரஸ் கேலரியில் 32 சூப் டப்பா ஓவியங்கள், ஒன்று 100 டாலர். நாலைந்து பேர் வாங்க முன்வந்ததும், தொகுப்பு பிரியக் கூடாது என்று கேலரிக்காரர் இர்விங் புளும் அவர்களிடமிருந்து திரும்பப் பெற்று, மொத்தத்தையும் தானே 1,000 டாலருக்கு, மாதம் 100 டாலர் தவணையில் வாங்கிக்கொண்டார். 1996-ல் அது நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. காஸ்டெல்லி 1964-ல் தன் முடிவை மாற்றிக்கொண்டு வார்ஹோலைச் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. 1951-ல் ஒன்பதாம் தெருவில் அத்தனை பெண் ஓவியர்களின் படங்களைத் தன் கையால் மாட்டியவர், தன் கேலரியில் மிகச் சிலருக்கே இடம் தந்தார். 1957-ல் மரிசோல், 1960-லிருந்து லீ போன்டெக்கூ, பிற்பாடு ஹன்னே டார்போவன். போன்டெக்கூ கம்பிச் சட்டத்தில் பழைய கித்தான் துண்டுகளைத் தைத்துச் செய்த, நடுவே கருந்துளை வாய் பிளந்த புடைப்புச் சிற்பங்கள் ஜான்ஸுக்குச் சமமாகப் பேசப்பட வேண்டியவை. 1971-க்குப் பிறகு அவர் அந்த உலகத்தை விட்டே விலகிக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். அவகாசம் வாங்கித் தருவதுதான் காஸ்டெல்லியின் தொழில் என்றால், அந்த அவகாசம் யார் யாருக்குக் கிடைத்தது என்றும் கேட்டாக வேண்டும்.

இரண்டு டப்பாக்கள்

1960 வாக்கில் டி கூனிங் ஒரு கோபத்தில், காஸ்டெல்லியிடம் இரண்டு பீர் டப்பாவைக் கொடுத்தாலும் விற்றுவிடுவான் என்று திட்டினாராம். இது ஜான்ஸின் காதுக்குப் போனது. அவர் பாலன்டைன் பீர் டப்பாக்கள் இரண்டை வெண்கலத்தில் வார்த்து, லேபிளைக் கையால் வண்ணம் தீட்டி, ஒரு பீடத்தில் நிறுத்தினார். ஒன்று திறந்தது, உள்ளே கூடு. இன்னொன்று மூடியது, கெட்டி வெண்கலம், கையில் எடுத்தால் கனக்கும். காஸ்டெல்லி விற்றார். ராபர்ட் ஸ்கல் என்ற டாக்ஸி நிறுவன முதலாளி வாங்கினார்.

1973 அக்டோபர் 18 அன்று ஸ்கல் தன் தொகுப்பில் ஐம்பது படைப்புகளை நியூயார்க்கில் ஏலம் விட்டார். மொத்தம் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த இரண்டு டப்பாக்கள் மட்டும் 90,000. ஜான்ஸின் 'இரட்டை வெள்ளை வரைபடம்' வாங்கியபோது 10,500, விற்றபோது 2,40,000. ரவுஷன்பெர்க்கின் 'பனியுருகல்' வாங்கியது 900, விற்றது 85,000. ஏலம் முடிந்ததும் ரவுஷன்பெர்க் நேரே ஸ்கல்லிடம் போய் அவரைத் தள்ளிவிட்டார். உனக்கு லாபம் சேர்க்கத்தான் நான் இத்தனை நாள் உழைத்தேனா என்பது அவர் ஆதங்கம். ஸ்கல்லின் பதில், இனி உன் புதுப் படங்களுக்கும் விலை ஏறுமே என்பது.

இரண்டும் உண்மைதான். ஆனால் காஸ்டெல்லியின் முறை எங்கே பலவீனமானது என்பது அந்த அறையில் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அவர் விலையை மெதுவாக ஏற்றுவார். யாருக்கு விற்பது என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பார், அருங்காட்சியகத்துக்கும் படத்தை விட்டுவிடாத சேகரிப்பாளருக்கும் முன்னுரிமை. காத்திருப்போர் பட்டியல் வைத்திருப்பார். இதெல்லாம் வாங்குபவரின் சொல்லை நம்பி நடப்பது. ஏலச் சுத்தியல் ஒருமுறை விழுந்தால் பத்து வருடப் பொறுமையைப் பத்து நிமிடத்தில் தாண்டிவிடும். அவர் போட்ட மாதப் பணத்தின் பலன் ஏலத்தில் விற்பவருக்குப் போனது. கலிஃபோர்னியா 1976-ல் மறுவிற்பனையில் ஓவியருக்கு ஐந்து சதவீதம் தர வேண்டும் என்று சட்டம் போட்டது, இந்தக் கோபம் பரவிய பிறகுதான்.

420

1971 செப்டம்பரில் சோஹோ பகுதியில் வெஸ்ட் பிராட்வே 420-ஆம் எண் கட்டடத்தில் அவர் இரண்டாவது இடம் திறந்தார். இலியானாவும் அதே கட்டடத்தில் கேலரி திறந்தார். ஆண்ட்ரே எமரிக், ஜான் வெபர் என்ற கேலரிக்காரர்களும் வந்தார்கள். கிடங்குகளும் பட்டறைகளும் இருந்த பகுதி சில வருடத்தில் நியூயார்க்கின் கலை மையமானது.

அங்கிருந்து அடுத்த தலைமுறை கிளம்பியது. அதே கட்டடத்தில் 1977-ல் சின்னதாகக் கேலரி தொடங்கிய மேரி பூனோடு சேர்ந்து 1981-ல் ஜூலியன் ஷ்னாபெல் என்ற இளம் ஓவியருக்குக் கண்காட்சி வைத்தார். 1984-ல் ஷ்னாபெல் பேஸ் கேலரிக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் ஜட்டும் விலகினார். பெரிய முன்பணம், பெரிய இடம், வழக்கறிஞர் எழுதிய ஒப்பந்தம் எல்லாம் கையில் வைத்திருந்த கேலரிகள் வந்துவிட்டன. கைகுலுக்கலில் சேர்ந்தவர்களைக் கைகுலுக்கலிலேயே அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. லாரி ககோசியன் என்ற அடுத்த தலைமுறை வியாபாரிக்குக் கைகொடுத்து, 1989-ல் தாம்ப்சன் தெருவில் இருவரும் சேர்ந்து ஓர் இடம் நடத்தியதும் இந்தக் காலத்தில்தான். இன்றைக்கு உலகின் பல நகரங்களில் கிளை வைத்திருக்கும் கேலரி முறைக்குக் காஸ்டெல்லியின் நட்புக் கேலரி வலை ஒரு முன்னோடி என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம்: அவர் பங்குபோட்டுக் கொடுத்ததை இவர்கள் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

லிக்டென்ஸ்டைன் 1997-ல் இறக்கும்வரை அவரோடுதான் இருந்தார். ஜான்ஸ் போகவே இல்லை. 1999 ஆகஸ்டில், 91 வயதில், காஸ்டெல்லி மன்ஹாட்டனில் இறந்தார். கேலரியின் கடிதங்களும் கணக்குகளும் 2007-ல் ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்துக்குப் போயின.

'படுக்கை'யை அவர் விற்கவே இல்லை. 1958-ல் யாரும் வேண்டாம் என்ற அந்தப் படைப்பை முப்பது வருடம் வைத்திருந்தார். ஓவியர்கள் விலகிக்கொண்டிருந்த, ஏலங்களில் ஜான்ஸ் கோடிகளைத் தொட்டிருந்த நேரம் அது. விற்றிருந்தால் எத்தனையோ வருட மாதப் பணத்தை ஒரே நாளில் திரும்ப எடுத்திருக்கலாம். 1989-ல் அதை நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். பக்கத்தில் இருக்கும் குறிப்பில், ஆல்ஃபிரட் பாரைக் கௌரவித்து லியோ காஸ்டெல்லி அளித்தது என்று இருக்கும். ஜான்ஸின் கொடியும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, அதே பாரின் பெயரில்.